வீட்டுக்கல்விக் குழுக்களை நடத்தும் மூத்த பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் ஹோம்ஸ்கூலிங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக நீங்கள் நடத்தும் அறிமுகக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எந்தப் பாடத்திட்டம், எந்த வயதில் எந்தப் புத்தகம், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறீர்கள். வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால், வேலை போனால், கணவன் மனைவி பிரிய நேர்ந்தால், ஒரு சாவு விழுந்தால் பாடத்தை என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை. பிள்ளை வளர்ந்து ஆளாவதற்குள் இதில் ஒன்றுகூட நடக்காத வீடு எத்தனை இருக்கும்?

என் மனைவிக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்த காலத்தில் குழுவில் நாங்கள் வாய் திறப்பதே குறைந்துபோனது. யாரும் எங்களை ஒதுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் செய்த அறிவியல் மாதிரிகளின் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருக்கையில், "எங்கள் வீட்டில் இன்று கணக்கு மட்டும்தான், அதுவும் பாதி" என்று எழுதக் கை வரவில்லை. விசாரித்தவர்களும் இரண்டு வழிதான் சொன்னார்கள்: பள்ளியில் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் எப்படியாவது சமாளியுங்கள். இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அதைச் சொல்லித்தர உங்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை.

முதலில் நேரக் கணக்கு. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் உட்காரும்போது பள்ளி மணியளவு தேவையே இல்லை. தனியாக ஒருவரிடம் கற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பு மாணவர்களில் 98 சதவீதத்தினரை மிஞ்சியதாக அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதினார். பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் தனிக் கவனத்துக்குப் பலன் உண்டு என்பது மாறவில்லை. தொடக்க வகுப்பு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரைமணி கணக்கு, கொஞ்சம் எழுத்து, தூங்கும் முன் யாராவது வாசித்துக் காட்டும் ஒரு அத்தியாயம். நெருக்கடியான மாதங்களுக்கு இது போதும்.

கணக்கை விடாதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வகுத்தல் பிடிபடாத பிள்ளைக்குப் பின்னம் வராது. பின்னம் வராமல் இயற்கணிதம் வராது. வாசிப்பும் அப்படியே, நிறுத்தினால் வேகம் போய்விடும். வரலாறும் அறிவியலும் காத்திருக்கும். எகிப்தைப் பற்றி எட்டு வயதில் படிக்காததைப் பத்து வயதில் படிக்கலாம், அதுவும் பாதி நேரத்தில். படித்ததெல்லாம் மறந்துபோகுமே என்று பயப்படுகிறவர்களுக்கு, நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட சோதனைகளைச் சொல்லுங்கள். மறந்ததைத் திரும்பக் கற்க முதல்முறை ஆன நேரம் ஆகவில்லை என்று தன்னையே சோதித்துக் கண்டவர் அவர்.

பாடத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குப் பகலில் சில மணி நேரமாவது வேறு காற்று கிடைக்கிறது. நம் பிள்ளைகள் நாள் முழுக்க நெருக்கடிக்குள்ளேயே இருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் பேசுவதும் அவர்கள் காதில் விழுகிறது. விவரம் சொல்லாமல் விட்டால் சிறு பிள்ளைகள் தாங்கள் செய்த ஏதோ ஒன்றால்தான் இப்படி ஆனது என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். நோயின் பெயரைச் சொல்லி, உன்னால் வந்ததில்லை என்றும் சொல்ல வேண்டும். இன்னொன்று: மூத்த பிள்ளையைச் சத்தமில்லாமல் தம்பி தங்கைக்கு வாத்தியார் ஆக்கிவிடுவது. அவசரத்துக்குச் சரி. மாதக்கணக்கில் போனால் அந்தப் பிள்ளையின் படிப்பைத்தான் அது தின்கிறது.

நீங்கள் சொல்லத் தயங்குவதையும் சொல்லிவிடுகிறேன். சில வீடுகளுக்குப் பள்ளிதான் சரி. பெற்றோர் மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழ முடியாமல், கைகொடுக்கவும் ஆள் இல்லாமல் இருந்தால், ஓராண்டு பள்ளியில் சேர்ப்பது தோல்வி இல்லை. வீட்டில் அடியும் வன்முறையும் இருந்தால் தயங்கவே கூடாது. வெளியாள் ஒருவரின் கண் பிள்ளைமேல் பட வேண்டும். 2020-ல் பள்ளிகள் மூடியபோது அமெரிக்காவில் குழந்தைவதைப் புகார்கள் குறைந்தன. வதை குறைந்ததால் அல்ல, தினமும் பிள்ளைகளைப் பார்த்துப் புகார் செய்கிற ஆசிரியர்களின் பார்வையிலிருந்து அவர்கள் மறைந்ததால் என்றே அதைக் கவனித்தவர்கள் பலரும் விளக்கினார்கள். நம் வழியை ஆதரிக்கிறோம் என்பதற்காக இதை மூடி மறைக்கக்கூடாது.

அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் 1977-ல் வீட்டுக்கல்விக்காக ஒரு இதழ் தொடங்கினார். அதன் பக்கங்களில் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய கடிதங்கள். நமக்கும் அப்படியொன்று வேண்டும், ஆனால் மோசமான வருடங்களைப் பற்றி. உங்கள் வீட்டிலும் அப்படியொரு வருடம் இருந்திருக்கும். அப்போது எதை விட்டீர்கள், எதைப் பிடித்துக்கொண்டீர்கள், அதிகாரிக்கு ஆண்டறிக்கை தரவேண்டிய இடத்தில் இருந்தால் அதில் என்ன எழுதினீர்கள் என்று சொல்லுங்கள்.

அப்புறம், நெருக்கடியில் இருக்கும் குடும்பத்துக்குப் புத்தகப் பட்டியல் அனுப்பாதீர்கள். "செவ்வாய்க்கிழமை காலை உங்கள் பிள்ளையை நான் கூட்டிப்போகிறேன்" என்று நாள் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

அடுத்த அறிமுகக் கூட்டத்தில் இதற்கு அரைமணி ஒதுக்குங்கள். பேச ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். அந்த நேரம் என் பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் குழுவில் ஒரு அப்பா