எங்கள் பலூன் கருவிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் துகள்களை அளக்க நம் கருவியைத் தூக்கிப்போன பலூன் இறங்கியாச்சு, தரவும் கைக்கு வந்துவிட்டது. ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்ல நாலு வரிதான் கிடைக்கும், அதில் நீங்கள் எல்லோரும் அடங்கமாட்டீர்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் டங்ஸ்டன் தகடு தூக்கியவர்கள். அரை மீட்டர் சதுரம், 3.5 மி.மீ. தடிமன், பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், தூக்கினால் ஒன்றே 17 கிலோ. அப்படி 20 தகடு, நடுநடுவே முடி போன்ற ஒளிரும் இழைகளாலான நாடாக்கள். காஸ்மிக் துகள் உள்ளே மோதித் துகள் மழையாகப் பெருகும்போது இழைகளில் எழும் ஒளியை வைத்துத்தான் அதன் ஆற்றலைக் கணக்கிடுகிறோம். தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் இழை நசுங்கிவிடும். ஒன்றுகூட நசுங்கவில்லை.

அப்புறம் ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் துகள் ஆய்வகத்தில் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள். உண்மையைச் சொன்னால் பாதி மடல் உங்களுக்குத்தான். வந்த துகளின் ஆற்றலில் மிகச் சிறிய பங்குதான் இழைகளில் ஒளியாகத் தெரியும். இவ்வளவு ஒளிக்கு இவ்வளவு ஆற்றல் என்று சொல்ல, ஆற்றல் ஏற்கெனவே தெரிந்த எலெக்ட்ரான் கற்றையில் கருவியைக் காட்டி அளவு குறித்திருக்க வேண்டும். அடுக்குக்கு 50 நாடா. ஒரு சென்டிமீட்டர் நகர்த்து, பதிவு செய், மறுபடி நகர்த்து. அதில் ஒரு நாடா மட்டும் பாதி ஒளியே தந்தது. இழையின் ஒளியை மின்குறியாக மாற்றும் ஒளிபெருக்கிக் குழாய்தான் போச்சு என்று நான் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். "நாடாவக் கழற்றி வேற குழாயில மாட்டிப் பாருங்க" என்று விடிகாலை 3 மணிக்கு ஒருவர் சொன்னார். குழாய் நன்றாகவே இருந்தது, இழை முனையில்தான் கீறல். அதைக் கவனிக்காமல் பறக்கவிட்டிருந்தால் அந்த நாடா வழியாக வந்த துகள்களையெல்லாம் ஆற்றல் குறைந்தவை என்று எழுதியிருப்போம்.

அண்டார்டிகாவில் ஹீலியம் நிரப்பிய குழுவிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்க வேண்டும். காற்று அடங்கவில்லை என்று மூன்று தடவை ரத்து செய்தீர்கள், நான் முணுமுணுத்தேன். முழுதாக விரிந்தால் 11 லட்சம் கன மீட்டர் வரும் பலூனைக் காற்றில் அவிழ்த்துவிட முடியுமா, சரி, எனக்குப் பொறுமை போதவில்லை. 1912-இல் காஸ்மிக் கதிர்களைக் கண்டுபிடித்த விக்டர் ஹெஸ், மின்னேற்றத்தைக் காட்டும் மின்காட்டியோடு தானும் பலூனில் ஏறி 5 கி.மீ.க்கு மேல் போய் வந்தார். நாம் கருவியை மட்டும் 38 கி.மீ.க்கு அனுப்பிவிட்டுக் கீழே நின்று நகம் கடிக்கிறோம். அங்கே தலைக்கு மேல் இருக்கும் காற்று மொத்தக் காற்றில் அரை சதவீதம்கூடத் தேறாது, அதனால் துகள்கள் பெரும்பாலும் காற்றில் மோதிச் சிதையாமல் கருவிக்கு வரும். கோடையில் சூரியன் மறைவதில்லை, வாயு குளிர்ந்து சுருங்குவதில்லை, அதனால் பலூன் வாரக்கணக்கில் துருவத்தைச் சுற்றும். சுற்றித்தான் ஆக வேண்டும்: பத்து கோடி கோடி எலெக்ட்ரான் வோல்ட்டை (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) தாண்டிய துகள்கள் ஒரு சதுர மீட்டருக்கு மிக அரிதாகத்தான் வரும்.

கடைசியாக, பனியில் இறங்கிய கருவியைத் தேடிப்போய்த் தோண்டி எடுத்தவர்கள். தரவு வட்டை மட்டும் கொண்டுவந்தாலே போதும் என்றிருந்தோம், நீங்களோ போல்ட்டைக்கூட விடாமல் பை பையாகக் கட்டி எண் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அந்தக் குளிரில், கையுறையோடு, எப்படித்தான் எழுதினீர்களோ. அடுத்த தடவை பறக்கும்போது அதே போல்ட்டுகளைத்தான் போடப்போகிறோம்.