வல்லாரைத் தொட்டியும் உன் தாய்ப்பாசமும்

அன்புள்ள சுந்தரம்,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இந்த ஒரே பதில். திட்ட வேண்டியதைத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். ஊறுகாய் ஜாடி திரும்பி வராதாம். கேட்டால் புளியமரத்துக் கணக்கை எடுக்கச் சொன்னாள் அக்கா.

ஓடுதண்டால் (தரையோடு படரும் தண்டு) இணைந்த செடிகள் நீரையும் உணவையும் பகிர்ந்துகொள்கின்றனவா என்று பார்க்க உன் மாணவிக்கு வல்லாரையைக் கொடுத்தது நல்ல யோசனை. மளமளவென்று ஓடும், கணுவுக்குக் கணு வேர் விடும், மிஞ்சினால் துவையல் அரைக்கலாம். ஆனால் திட்டத்தாளின் முதல் வரியிலேயே "தாய்ச்செடி தன் கன்றுக்கு ஊட்டுகிறது" என்று எழுதியிருக்கிறாயே, ஆண்டுவிழா நாடகத்தை விட்டு நீ இன்னும் இறங்கவே இல்லையா? ஓடுதண்டுக்குள் பாசம் எதுவும் ஓடவில்லை, நீர் போகும் சைலக் குழாயும் சர்க்கரை போகும் ஃபுளோயக் குழாயும்தான். எந்தப் பக்கத்து இலை அதிகம் ஆவியாக்குகிறதோ அந்தப் பக்கம் நீர் இழுபடும், நைட்ரேட்டும் அதில் கரைந்து போகும். சர்க்கரை, தயாராகும் இலையிலிருந்து செலவாகும் நுனிக்கும் வேருக்கும் போகும். சாதாரணமாக இரண்டுமே மூத்த கணுவிலிருந்து இளைய நுனியை நோக்கிப் போவதால் உனக்குப் பாசமாகத் தெரிகிறது. மூத்ததை வெயிலில் காயப்போட்டு இளையதை ஈர நிழலில் வைத்துப் பார், நீர் பின்னோக்கி வரும்.

அதனால்தான் உன் திட்டத்தில் எனக்குக் குறை. ஓடுதண்டு இணைந்தது, அறுத்தது என்று இரண்டே வரிசை போட்டிருக்கிறாய். 1996-இல் ஸ்டூயஃபர், டி க்ரூன், டூரிங் மூவரும் வெள்ளைக் குளோவர் என்ற படரும் தீவனச் செடியில் செய்ததை நினைத்துப்பார். தனியாக நிற்கும் செடி வறட்சியில் வேரைக் கூட்டும், நிழலில் இலையைக் கூட்டும். இணைந்த கொடியிலோ தலைகீழ்: வெயிலில் வறண்ட பாதி இலையாகப் போட்டது, ஈர நிழலில் இருந்த பாதி வேராகப் போட்டது. எது எங்கே மலிவோ அதை அங்கே திரட்டி மறுபக்கத்துக்கு அனுப்பும் வேலைப்பங்கீடு. சீரான இடத்தில் வளர்ந்த கொடியைவிட இந்தத் திட்டுத்திட்டான இடத்துக் கொடி அதிகம் வளர்ந்தது. இரண்டு பாதியும் ஒரே சூழலில் இருந்த சீரான ஜோடிகளும் பக்கத்தில் இருந்ததால்தானே இதைச் சொல்ல முடிந்தது? உன்னிடம் அவை இல்லை.

ஆகவே மூன்று சூழல் வை: இரண்டு தொட்டியும் வெயில்-வறட்சி, இரண்டும் நிழல்-ஈரம், மூத்தது வெயில்-வறட்சி, இளையது நிழல்-ஈரம். ஒவ்வொன்றிலும் இணைந்தது, அறுத்தது. ஆறு குழு, குழுவுக்கு 8 ஜோடி, மொத்தம் 48 ஜோடி, 96 தொட்டி. திசையைத் திருப்பி, மூத்ததை நிழலிலும் இளையதை வெயிலிலும் வைத்துப் பார்க்க ஆசை என்றால் இன்னும் 16 ஜோடி. மாடியில் இடமில்லையேல் விட்டுவிடு.

ஆறு அங்குலத் தொட்டிகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி வை. செடி எல்லாம் ஒரே கொடியிலிருந்து வரட்டும். போதவில்லை என்று இரண்டாவது கொடி எடுத்தால், அதன் கன்றுகளை ஆறு குழுவுக்கும் சமமாகப் பிரித்துவிடு. இளைய கன்று பத்து நாளாவது வேர் பிடிக்கட்டும். அதற்கு முன்பே அறுத்தால் நீ அளப்பது பகிர்வை அல்ல, வேரில்லாத துண்டு சாவதை. அறுத்த ஜோடிக்கு மட்டும் காயம் என்று யாரும் குறை சொல்லாதபடி, அறுக்காத ஜோடியில் மூத்த கன்றுக்குப் பின்னால் நீட்டி நிற்கும் பழைய தண்டை அதே நாளில் அதே பிளேடால் வெட்டு.

வறட்சி என்றதும் தண்ணீரை நிறுத்திவிடாதே, வல்லாரை ஈரநிலச் செடி, சுருண்டுவிடும். தொட்டியை முழுக்க நனைத்து வடியவிட்டு எடை போடு. பிடித்து வைத்த நீரில் சுமார் 30 சதவீதம் நிற்கும்படி தினமும் எடைபார்த்து ஊற்று. குவளைக் கணக்கு உதவாது. நிழல்வலைக்கடியில் ஆவியாதல் குறைவு, ஒரே குவளை இரண்டு இடத்திலும் ஒரே ஈரம் தராது. வலை 75 சதவீத நிழலாக இருக்கட்டும். அது வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, மரத்தடி நிழல்போல சிவப்பொளியைத் தனியாக உறிஞ்சி எடுக்காது; காம்பை நீளவைப்பது பெரும்பாலும் அந்தச் சிவப்புக் குறைவுதான். இலைக்காம்பு நீளவில்லையே என்று அந்தப் பெண் கவலைப்பட்டால் இதைச் சொல். ஈரமும் வெளிச்சமும் அதனதன் பக்கத்தில் தாராளமாகவே இருக்க வேண்டும். ஃப்ரீட்மனும் ஆல்பர்ட்டும் 1991-இல் கலிஃபோர்னியாக் கடற்கரை ஸ்ட்ராபெரியில் வெளிச்சத்தையும் நைட்ரஜனையும் வேறு வேறு திட்டில் வைத்துப் பார்த்தார்கள். திட்டுகள் வளமாக இருந்தபோது மட்டும்தான் பரிமாற்றத்தால் வளர்ச்சி கூடியது. அரைகுறை வேறுபாட்டில் ஒன்றும் தெரியாது.

இப்போது என் தலையாய சண்டை. எட்டு வாரம் கழித்து "இளைய கன்றின் எடை" மட்டும் எடுப்பதாக எழுதியிருக்கிறாய். இணைந்த கன்று 2 கிராம் கூடிவிட்டது என்று கைதட்டுவீர்கள். மூத்த பக்கம் 3 கிராம் குறைந்திருந்தால்? கடன் வாங்கியவனின் புது வீட்டை மட்டும் பார்த்து ஊரே செழித்தது என்பதுபோல் ஆகிவிடும். அச்சேறிய கட்டுரைகளிலும் இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சல் வருகிறது. கொடுத்த பக்கம், வாங்கிய பக்கம், முழுக் கொடி என்று மூன்று கணக்கும் தனித்தனியாக வேண்டும். முழுக் கொடியின் எடை கூடினால்தான் இணைப்பு ஆதாயம். கூடவில்லை என்றால் அதுவும் முடிவுதான், மறைக்காமல் எழுதச் சொல். இலை, காம்பு, ஓடுதண்டு, வேர் நான்கையும் பிரித்து, 70 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். பிரிக்காவிட்டால் வேலைப்பங்கீடு கண்ணில் படாது. புதிதாக ஓடும் தண்டுகளைக் கிள்ளி எறியாதே, காலித் தட்டில் வளைத்துவிடு. புறப்பட்ட தொட்டியின் கணக்கில் அவையும் சேரும். பக்கத்து ஈரத்தொட்டியில் ஒன்று வேரூன்றினால் அந்த ஜோடியையே கழித்துவிடு.

நீர் போகும் வழியைக் காட்டும் சாயச் சோதனைக்கு சாஃப்ரனின் சாயம் வேண்டாம், சைலச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு எளிதில் நகராது. ஆசிட் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் 0.5 சதவீதம் போதும். வேரைத் தண்ணீருக்குள் வைத்தே வெட்டு, இல்லாவிட்டால் காற்று ஏறிக் குழாய் அடைத்துக்கொள்ளும். வெயில் ஏறிய முற்பகலில் செய்யுங்கள். மறுமுனையில் எல்லா இலையும் சிவக்காது. ஒரு வேரின் குழாய் எந்த இலைக்குப் போகிறதோ அது மட்டும் சிவக்கலாம். அதைப் பிழை என்று தள்ளிவிடாமல் படம் வரைந்து வைக்கட்டும்.

உன் வயல் கோரைக்கு ரோட்டவேட்டர் விட்டது பற்றி மரியாதை கருதி ஒன்றும் சொல்லவில்லை. சரி, சொல்கிறேன். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலியாக இருந்தவரை நுனிக்கிழங்கு மற்றவற்றை அடக்கித் தூங்கவைத்திருந்தது. நீ துண்டு போட்டதும் ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்துக்கொண்டது. இனி கோடையில் உழுது கிழங்கை மேலே புரட்டிக் காயவிடு; துளிர்த்ததும் திரும்ப உழு.

எடைத்தாள் தயாரானதும் மூத்த பக்கத்துப் பத்தியை முதலில் அனுப்பு. தராசு 0.01 கிராம் காட்டுவதாக இருக்கட்டும், கடைத் தராசில் வேர் நிற்காது. வீட்டில் எல்லோருக்கும் அன்பு.

உன்,
கதிர்