பேர் அழகுப் பசங்க, முகமெல்லாம் பரு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் விடலைப் பையன்களைப் பற்றிய படங்கள் என்று ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அதில் 2009இல் வந்த ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு ஒரே வரி, 'வழக்கமான அசட்டுக் காமெடி' என்று. எழுதியவர் படத்தைப் பார்த்தாரா, பேரை மட்டும் பார்த்தாரா என்று எனக்குச் சந்தேகம். ஆங்கிலத்தில் 'தி ஃப்ரெஞ்ச் கிஸ்ஸர்ஸ்' என்று வைத்துவிட்டார்கள், அதைக் கேட்டால் யாருக்கும் முகம் சுளிக்கத்தான் தோன்றும். பிரெஞ்சில் அதன் பேர் 'லே போ கோஸ்', அதாவது அழகுப் பசங்க. கிண்டல் அந்தப் பேரிலேயே இருக்கிறது, ஏனென்றால் படத்தில் வரும் எர்வேயும் அவன் கூட்டாளி கமேலும் பருவும் பிசுக்குத் தலையுமாகத்தான் திரிகிறார்கள். கேமராவும் தள்ளி நின்று அழகு பார்க்காமல் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது.

இயக்குநர் ரியாத் சத்தூஃப் அடிப்படையில் காமிக்ஸ்காரர், இது அவருடைய முதல் படம். தெருவிலும் மெட்ரோ ரயிலிலும் இளசுகள் பேசுவதை ஒட்டுக்கேட்டு 'சார்லி எப்தோ' பத்திரிகையில் வாராவாரம் வரைந்துகொண்டிருந்தவர். அது போதாதென்று, வளர்ந்த மனிதர் திரும்பவும் ஒரு பள்ளிக்கூட வகுப்பில் போய் உட்கார்ந்து, பார்த்ததை 2005இல் புத்தகமாகவே போட்டார். அந்தக் காது இல்லாமல் இந்தப் படத்து வசனம் வந்திருக்காது. பையன்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிறார்கள், சம்பந்தமில்லாமல் கோபப்படுகிறார்கள், ஓரோர் என்ற பெண் தானாக வந்து பேசினால் எர்வே வாயைத் திறந்ததுமே சொதப்புகிறான். முப்பது வயது ஆளுக்கு யூனிபார்ம் மாட்டிவிட்டு நம்மை நம்பச் சொல்லும் வேலை இங்கே இல்லை. எர்வேயாக வரும் வன்சான் லகோஸ்த் அப்போது நிஜமாகவே அந்த வயதுப் பையன், நடிப்பில் முன்அனுபவம் கிடையாது. பிற்பாடு 2022இல் வேறொரு படத்துக்காகத் துணை நடிகருக்கான செஸார் விருதே, அதாவது பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதே, வாங்கினார்.

நான் கடிதம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எர்வேயின் அம்மாதான். நொயேமி ல்வோவ்ஸ்கி நடித்திருக்கிறார். விவாகரத்தானவர், வீட்டில் இவனும் அவரும் மட்டும். எதைக் கேட்டால் பையன் நெளிவான் என்று தெரிந்தே கேட்கிறார், கேட்டுவிட்டு ரசிக்கவும் செய்கிறார். எங்கள் வீட்டிலும் ஒரு பதினான்கு வயது இருக்கிறது, கதவைத் தட்டாமல் உள்ளே போகும் அம்மா நான். முதல் அரை மணி நேரம் விழுந்து விழுந்து சிரித்தேன், அப்புறம் இது நம்மைத்தான் சொல்கிறது என்று உறைத்ததும் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்துப் பார்த்தேன்.

படத்தில் கொச்சை இல்லை என்று நான் சொல்லவில்லை, இருக்கிறது, சில இடங்களில் எனக்கே கொஞ்சம் ஓவராகப் பட்டது. ஆனால் இயக்குநர் அந்தப் பசங்களை எங்கேயும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அவர்கள் அசடு வழிவதைக் காட்டுகிறார், அவ்வளவுதான். 2010இல் சிறந்த முதல் படத்துக்கான செஸார் இதற்குத்தான் கிடைத்தது, அதையாவது கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

சரி, அடுத்த முறை இந்தப் படத்தைப் பற்றி எழுதினால் பிரெஞ்சுப் பேரையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் சத்தூஃபின் காமிக்ஸ் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை வரட்டும்.

இப்படிக்கு,
கதவைத் தட்டப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா