முள்ளோடை வரை போய்விடலாம் என்ற கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாதம் சிதம்பரத்திலிருந்து நெல் மூட்டைகளுடன் வந்த என் லாரி, ஆலப்பாக்கம் அருகே நள்ளிரவில் நடுச்சாலையில் நின்றுவிட்டது. டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் உயர் அழுத்த பம்பு போய்விட்டது என்று மறுநாள் பட்டறையில் சொன்னார்கள். ‘திடீரென்று இப்படி ஆகிவிட்டதே’ என்று நான் புலம்பியபோது, பத்து நாட்களாகத் தாம் சொல்லி வந்ததை ஓட்டுநர் நினைவூட்டினார். அவர் சொன்னது உண்மை. காதில் வாங்காதவன் நான்தான். என்னைப் போல் ஓரிரு லாரிகளை வைத்துப் பிழைக்கும் கடலூர் மாவட்டத்து உரிமையாளர்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

அவர் முதலில் சொன்னது, காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பும் வண்டி, நெடுந்தூரம் ஓடி டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்திய பிறகு கிளம்ப மறுக்கிறது என்பதாகும். பம்பின் உள்பாகங்கள் தேய்ந்திருந்தால், சூட்டில் இளகிய டீசல் அந்த இடைவெளியில் கசிந்துவிடுவதால், தேவையான அழுத்தம் ஏறுவதில்லை. பழைய வண்டிகளில் பம்பின்மீது ஈரச் சாக்கைப் போட்டுக் கிளப்பிய ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வைத்தியமன்று, தேய்மானத்துக்குச் சாட்சி. அடுத்து, சரக்குடன் கேப்பர் மலை ஏறும்போது இழுவை குறைவதாகவும், நியூட்ரலில் நிற்கும்போது எஞ்சின் ஓட்டம் ஏறி இறங்குவதாகவும் சொன்னார். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே வராவிட்டால், டீசல் எஞ்சினுக்குள் போகவில்லை என்று கொள்ளலாம். எஞ்சின் ஆயிலின் அளவு தானாக உயர்ந்து டீசல் வாடை அடித்தால், ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

இவற்றில் பல அறிகுறிகள் அடைபட்ட ஃபில்டரிலும், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று புகுந்தாலும் தோன்றும் என்பதால், பம்பைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் இவ்விரண்டையும் பார்த்தாயிற்றா என்று கேட்பது நல்லது. கழற்றிய ஃபில்டரை வெட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அதில் மினுமினுக்கும் உலோகத் துகள்கள் இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் இன்றைய வண்டிகளில் விட்டுவிட வேண்டும். 1,600 பாருக்கும் (பார் என்பது அழுத்த அலகு) மேல் போகக்கூடிய அழுத்தத்தில் பீறிடும் டீசல், தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும்.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) லாரிகளிலும் அதற்கு முந்தைய பல வண்டிகளிலும் உள்ள காமன் ரயில் முறையில் (உயர் அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டர்களுக்கும் செல்லும் முறை), பம்பின் பாகங்களுக்கு மசகு எண்ணெயாக இருப்பதும் பெரும்பாலும் டீசல்தான். அதில் தண்ணீரோ காற்றோ கலந்தால் உலோகத்தோடு உலோகம் உரசுகிறது. உரசிய துகள்கள், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வரை சென்று, திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கும் வந்து சேர்கின்றன. பம்போடு முடிய வேண்டிய செலவு பல மடங்கானது எனக்கு இப்படித்தான்.

நம் பகுதிக்கே உரிய பழக்கம் ஒன்றும் இதற்குத் துணைபோகிறது. புதுச்சேரியில் டீசல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், வழியில் எத்தனை பங்க் வந்தாலும் முள் அடியைத் தொடும் வரை ஓட்டி, எல்லை தாண்டி முள்ளோடையில் நிரப்புகிறோம். ஓட்டுநர்களை அப்படிச் செய்யச் சொல்பவர்களே நாங்கள்தான். காலியான டேங்கில், கடற்காற்றின் ஈரம் இரவில் நீர்த்துளிகளாகப் படிகிறது. அடியில் தேங்கிய கசடும் காற்றும் குழாய்க்குள் இழுபடுகின்றன. அன்றிரவு என் லாரியும் முள்ளோடையைக் கணக்கிட்டே வந்துகொண்டிருந்தது.

இப்போது, முள் கால் டேங்குக்குக் கீழே இறங்கினால் எந்த ஊராக இருந்தாலும் அங்கேயே டீசல் போட்டுக்கொள்ளவும், நாள்தோறும் காலையில் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிட்டுப் புறப்படவும் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். வண்டியைப் பற்றி அவர் சொல்வதை எழுதிவைக்க, டிரிப் நோட்டில் ஒரு பக்கமும் ஒதுக்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.