அண்டாக்கள் அடுத்த திருவிழாவரை காத்திருக்க வேண்டாம்: தோட்டக் கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் லாபிஸ், சாஆ, பெக்கோக் வட்டாரத்துக் கோயில்களை நடத்திவரும் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், மாதர் பிரிவுச் சகோதரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தோட்டத்து மருந்தகத்தில் டிரெசருக்கு (மருத்துவ உதவியாளருக்கு) உதவியாகச் சேர்ந்து, தாதியாகவே ஓய்வு பெற்றவள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, இன்று தாமான் என்னும் நகர்க் குடியிருப்பில் வசிப்பவள். உங்களில் பலருடைய பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட கை இது. அந்த உரிமையில், பேரிடருக்கு நாம் முன்கூட்டியே தயாராவதைப் பற்றி எழுதுகிறேன்.

2023 மார்ச் மாத மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜொகூரில் பல்லாயிரம் பேர் நிவாரண மையங்களில் படுத்திருந்த நாட்கள் அவை. எங்கள் வரிசையில் கடைசி வீட்டுப் பாட்டி தனியாக இருப்பவர். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது அவரை அழைத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிட்டோம். அவருடைய இரும்புப் பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருந்துவிட்டது. வெயில் வந்ததும் அதைத் திறந்து, உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போட்டோம். பிறப்புச் சான்றிதழ், கணவரின் இறப்புச் சான்றிதழ், தோட்டத்தில் வேலை செய்ததற்கான சம்பளச் சீட்டுகள். மை கரைந்து, அரசாங்க முத்திரை இருந்த இடத்தில் ஊதா நிறக் கறைதான் மிஞ்சியது. கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பாட்டி அந்தக் கொடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "இனிமேல் நான் யாரென்று எதைக் காட்டிச் சொல்வேன்?" என்று கேட்டார்.

குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு பாதி வாழ்நாளைக் கழித்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! ஒரு பிறப்புப் பத்திரம் இல்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்த குடும்பங்கள் எத்தனை! அந்தத் தாள்களை வீட்டிலேயே தாழ்ந்த இடத்தில், கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம். வாய் இறுகக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தால் போதும். இதைப் பாட்டியிடம் யாரும் சொல்லவில்லை. அடுத்த வீட்டில் இருந்த நானும் சொல்லவில்லை. அந்தக் குற்ற உணர்வுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? திருவிழா என்றால் நீங்கள் எப்படித் தயாராகிறீர்கள் என்பதை அருகிலிருந்து பார்த்தவள் நான். ஆயிரம் பேருக்கு எத்தனை மூட்டை அரிசி, எத்தனை கிலோ பருப்பு, எந்த அடுப்பில் சாம்பார், எதில் பாயசம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே கணக்குப் போட்டுவிடுகிறீர்கள். தீமிதி அன்று யார் எங்கே நிற்க வேண்டும், மயங்கி விழுந்தால் யார் தூக்க வேண்டும் என்பதுவரை பெயர் எழுதி வைத்திருக்கிறீர்கள். பெரிய அண்டாக்கள், மூன்று கால் அடுப்புகள், கேஸ் தோம்புகள் (சிலிண்டர்கள்), மண்டபம், ஒலிபெருக்கி, ஓடியாடும் இளைஞர்கள் எல்லாம் கோயிலிலேயே இருக்கின்றன. பேரிடர் வந்தால் ஓர் ஊருக்கு வேண்டியவையும் இவைதாம். ஆனால் 2006 டிசம்பரில் நம் பக்கத்துச் சிகாமட் மூழ்கியபோதும், 2011 தொடக்கத்தில் மீண்டும் மூழ்கியபோதும், 2023லும், அண்டாக்களை இறக்கலாமா என்று முடிவெடுப்பதற்குள்ளேயே ஒரு நாள் ஓடிப்போனது. யாருடைய மனமும் கெட்டதில்லை. சாவி யாரிடம், செலவுக்கு யார் ஒப்புதல் தருவது என்று முன்கூட்டியே பேசி வைக்காததுதான் காரணம்.

லயத்தில் நாம் இருந்த காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லமாட்டேன். கடைக்காரரின் 555 நோட்டுப் புத்தகத்தில் ஏறிய கடன் சம்பள நாளில்கூட இறங்காது. ஆனாலும் ஒன்று இருந்தது. தண்ணீர்க் குழாயில் சில மணி நேரந்தான் தண்ணீர் வரும் என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பீப்பாய் நிறைந்திருக்கும். லயத்துக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, ஒரு பாத்தி பசலை, நாலு கொடி சர்க்கரைவள்ளி. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கால் உயிர் பிழைத்த தலைமுறை வளர்த்த பிள்ளைகள் அல்லவா, தரையைச் சும்மா விடமாட்டார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமானுக்கு வந்தபோது, நிலத்தோடு இந்தப் பழக்கங்களும் கைவிட்டுப் போயின. திறந்தால் தண்ணீர், நடந்தால் கடை. இரண்டும் நின்றால் மூன்றாம் நாள் நம்மிடம் ஒன்றும் இல்லை.

முதலில் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வேண்டும். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு மூன்று நாளைக்கு அறுபது லிட்டர். குளிக்க, கழுவ வேண்டியது தனி. மூடியுள்ள நீலப் பீப்பாய் ஒன்றே ஒரு குடும்பத்துக்குப் பெரும் துணை. ஆனால் மூடி முக்கியம். மூடி இல்லாத பீப்பாய் ஏடிஸ் கொசுவுக்கு நாமே கட்டிக் கொடுக்கும் வீடு. முட்டை பொரிந்து கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், வாரம் ஒரு முறை தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, பீப்பாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். தேய்க்காமல் ஊற்றினால் முட்டைகள் சுவரிலேயே ஒட்டியிருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் வெள்ளைத் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் ஆனபிறகே குடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்து கடையும் மருந்தகமும் மூடியிருந்தால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிக் கலந்து சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். உப்பு கூடிவிடக் கூடாது. இந்த அளவை ஒவ்வொரு தாயும் மனப்பாடம் செய்யட்டும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மருந்து. நம் மக்களிடையே இனிப்புநீர் (நீரிழிவு) எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மின்சாரம் போனால் இன்சுலின் என்னவாகும் என்று வெள்ள நேரத்தில் என்னிடம் ஓடிவந்து கேட்டவர்கள் உண்டு. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்படுத்திக் கொண்டிருப்பதை, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டாத இடத்தில், பெரும்பாலும் நான்கு வாரம்வரை வெளியிலேயே வைக்கலாம். அந்தந்த மருந்தின் தாளிலும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் நண்பகல் முப்பதைத் தாண்டிவிடும் என்பதால், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நிழலான மூலையில் வையுங்கள். நம் புழுக்கத்தில் பானை குளிர்சாதனப் பெட்டியாகிவிடாது, ஆனால் அனலைத் தணிக்கும். பயந்துபோய் ஐஸ் கட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். உறைந்த இன்சுலினைக் குப்பையில்தான் போட வேண்டும்.

சிறுநீரகம் கெட்டு வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறார்கள். சாலை மூழ்கி இரண்டு தவணை தவறினாலே உயிருக்கு ஆபத்து. தண்ணீர் ஏறிய பிறகு படகு தேடுவதைவிட, எச்சரிக்கை வந்த அன்றே அவர்களைச் சிகிச்சை மையத்துக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்கு அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று ஊரில் ஒருவராவது எழுதி வைத்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் முதியவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள் பெயரும் அதே நோட்டில் வேண்டும். கோயில் வரி வாங்க வீடு வீடாகப் போகிறவர்கள்தாம் இந்தக் கணக்கை எடுக்க முடியும். விவரங்கள் இரண்டு மூன்று பொறுப்பானவர்களைத் தாண்டிப் போகக் கூடாது. நோய் என்பது அடுத்தவர் வாயில் மெல்லும் பொருள் அல்ல.

அரிசி, பருப்பு விஷயம் வீட்டுப் பெண்களுக்கு நான் கற்றுத்தர வேண்டியதில்லை. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது, செப்டம்பரில் இங்கே இறக்குமதி அரிசி விலை ஏறியது, 26 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) விற்க வேண்டிய பத்துக் கிலோ உள்ளூர் அரிசி கடைத் தட்டுகளில் காணாமல் போனது. அந்த வாரங்களில் வீட்டில் ஒரு மூட்டை கூடுதலாக வைத்திருந்தவர்கள் பதறவில்லை. பதுக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் ஒரு கிலோ அரிசி, ஒரு டின் சார்டின், கால் கிலோ அவல் என்று சேர்த்து, புதியதைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் எடுத்துச் சமைத்தால் ஒன்றும் வீணாகாது. அடுப்பு எரியாத நாளுக்கு அவலும் பொட்டுக்கடலையும் வெல்லமும் போதும். வாசலில் ஐந்து தொட்டி வைக்க இடம் உள்ளவர்கள் பசலையும் வள்ளிக்கீரையும் போடட்டும். வெள்ளத்தில் மூழ்கிய கீரையை மட்டும் பறித்துச் சமைக்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்து காய்ச்சல் கண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டைக் கழுவும்போது பூட்ஸ் போடுங்கள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மெயின் சுவிட்சையும் கேஸ் தோம்பின் வாயையும் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசுவது எல்லோருக்கும் சங்கடம். பேசியே ஆக வேண்டும். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, நாள் கூலிக்காரர்கள் வீட்டில் இரண்டாம் வாரமே நெருக்கடி. அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஊழியர் சேமநிதியிலிருந்து நான்கு முறை பணம் எடுக்க வழி திறந்தார்கள். முதுமைக்கு வைத்திருந்ததைப் பலர் அப்போதே எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அதுவும் இல்லாதவர்கள் ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் போனார்கள். 2021 நடுவில், உதவி வேண்டுவோர் வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் பரவியது. பலர் கட்டினார்கள், பலருக்குச் சோறு கிடைத்தது. ஆனால் எங்கள் வரிசையில் இரண்டு வீடுகள் கொடி கட்டவில்லை. மானம் தடுத்தது. அரிசி இல்லை என்பதை அந்த வீட்டுப் பிள்ளை என் பேத்தியிடம் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. கோயிலில் ஒரு பெட்டி இருந்து, கேள்வி கேட்காமல் இரவில் ஒரு பை அரிசி வாசலில் வைக்க ஆள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளை பசியோடு படுத்திருக்காது.

பத்து வெள்ளியின் பலம் நமக்குப் புதிதல்ல. 1960இல், அன்று அமைச்சராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, ரப்பர் பால் மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம். மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி என்று வீட்டுக்கு வீடு சிறு நோட்டுகளாகச் சேர்த்து ஒரு டப்பாவில் வைப்போம். மின்சாரம் நின்ற ஊரில் பணம் எடுக்கும் இயந்திரமும் வேலை செய்யாது, கைப்பேசியில் இருக்கும் பணமும் உதவாது.

தீபாவளிக்கு முன் உங்கள் நிர்வாகக் கூட்டங்கள் நடக்கும் என்று அறிகிறேன். வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை எடுங்கள். மண்டபச் சாவியும் அண்டாச் சாவியும் மழைக்காலத்தில் எந்த இருவரிடம் இருக்கும் என்பது ஒன்று. நிதியிலிருந்து எவ்வளவு தொகையை யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் முதல் நாளே செலவழிக்கலாம் என்பது இரண்டு. வீடு வீடாகப் போய் நோயாளிகள், முதியவர்கள் பெயர் நோட்டை எழுதப்போவது யார் என்பது மூன்று. கோயில் மண்டபம் தாழ்வான இடத்தில் இருந்தால், மேட்டில் இருக்கும் தமிழ்ப்பள்ளியோடு இப்போதே பேசி வையுங்கள்.

எனக்குக் கூட்டத்தில் அரை மணி நேரம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பெண்களிடமும் நானே பேசுகிறேன். மூடியோடு ஒரு நீலப் பீப்பாய், ஒரு மண்பானை, தேக்கரண்டி, உப்பு, சர்க்கரை எல்லாம் கொண்டுவருவேன். கடைசி வீட்டுப் பாட்டியும் தம் பெட்டியைக் காட்டுவதற்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். தேசியப் பதிவுத் துறையில் மனுச் செய்து வாங்கிய புதிய பிறப்புப் பத்திரம் இப்போது அவர் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் பையில் இருக்கிறது. அவரை ஏற்றிவர யாராவது ஒருவர் கார் அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஊர்த் தாதி