ரூத் எல்லிஸின் கதையல்ல அது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய பிரிட்டிஷ் சிறைப் படங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இந்தப் படங்களைப் பற்றித் தமிழில் யாரும் எழுதிப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கடைசி நாட்களைக் காட்டும், 1956-இல் வந்த 'யீல்ட் டு தி நைட்' படத்தைப் பற்றி அதில் சொல்லியிருந்த இரண்டு விஷயங்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. ஒன்று, அது ரூத் எல்லிஸின் வழக்கைப் படமாக்கியது என்பது. இன்னொன்று, கவர்ச்சிக்குப் பேர்போன டயானா டார்ஸ் கதாநாயகி என்பதால்தான் தணிக்கை வாரியம் 'எக்ஸ்' சான்றிதழ் கொடுத்தது என்பது.

ரூத் எல்லிஸ் தன் காதலன் டேவிட் பிளேக்லியை லண்டன் ஹாம்ஸ்டெட்டில் ஒரு மதுக்கடை வாசலில் சுட்டது 1955 ஏப்ரல் 10-ஆம் தேதி. ஜூன் 21-இல் தீர்ப்பு, ஜூலை 13-இல் ஹாலோவே சிறையில் தூக்கு. படத்துக்கு மூலமான ஜோன் ஹென்றியின் நாவலோ 1954-லேயே அச்சாகிவிட்டது. காசோலை மோசடி வழக்கில் தண்டனை பெற்று அதே ஹாலோவேயில் இருந்துவிட்டு வந்தவர் ஜோன் ஹென்றி. அந்தக் கட்டடத்தின் உள்ளே நாட்கள் எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரியும். எல்லிஸ் தூக்கிலிடப்பட்ட மறு வருடமே படம் வந்ததால் மக்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். போதாததற்கு 1951-இல் டார்ஸ் நடித்த ஒரு படத்தில் எல்லிஸும் சின்ன வேடத்தில் தலைகாட்டியிருந்தார். குழப்பம் வந்ததில் ஆச்சரியமில்லை.

தேதி தப்பானால் என்ன என்று கேட்கலாம். இந்த இடத்தில் தேதி தப்பினால் படத்தின் வாதமே தப்பிப்போகிறது. அந்தக் காலத்தில் தூக்குக்கு எதிராகப் பேசியவர்களின் கையில் இருந்த வலுவான ஆயுதம் நிரபராதியைத் தூக்கில் போட்டுவிடும் ஆபத்து. 1950-இல் கொலைக் குற்றத்துக்காகத் திமதி எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். மூன்று வருடம் கழித்து, அதே வீட்டில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி பல பெண்களைக் கொன்றவன் என்பது வெளியே வந்தது. நாடே அதிர்ந்தது. ஜோன் ஹென்றியும் இயக்குநர் ஜே. லீ தாம்ஸனும் அந்தச் சுலபமான வழியை எடுக்கவே இல்லை. படம் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கதாநாயகி மேரி ஹில்டன் லண்டன் தெருவில் நிதானமாக நடந்துபோய், காரிலிருந்து இறங்கும் ஒரு பெண்ணைத் துப்பாக்கியால் சுடுகிறாள். திட்டமிட்ட கொலை. எல்லிஸைப் போலக் காதலனைச் சுடவில்லை, அவன் மோகம் கொண்ட இன்னொருத்தியைச் சுடுகிறாள். அவள் குற்றவாளிதானா என்ற சந்தேகத்துக்கு இடமே இல்லை. சரி, குற்றவாளிதான், அப்படியானாலும் இதை அவளுக்குச் செய்யலாமா என்பதுதான் படத்தின் கேள்வி. எல்லிஸின் கதை என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி ஒரு செய்தித்தாள் பரபரப்புக்குள் காணாமல் போய்விடுகிறது.

அப்புறம் அந்தச் சான்றிதழ். 'எக்ஸ்' 1951-இல் வந்த பிரிவு. அந்தப் படங்களுக்குப் பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அப்போது திரையரங்கில் அனுமதிக்கவில்லை. அதற்குமுன் பேய்ப் படங்களுக்காக வைத்திருந்த 'ஹெச்' பிரிவையும் இதில்தான் சேர்த்தார்கள். ரேங்க் நிறுவனத்தின் ஓடியன், கௌமண்ட் திரையரங்குகள் 'எக்ஸ்' படம் என்றாலே தயங்கிய காலம் அது. இவ்வளவையும் இந்தப் படத்தின் தலையில் கட்டும்படி அதில் என்ன இருக்கிறது?

தூக்குமேடை இல்லை. கயிறு இல்லை. ஒரு கொட்டடி, அதில் இரவும் பகலும் அணையாத விளக்கு, முறை மாற்றி எப்போதும் கூடவே உட்கார்ந்திருக்கும் பெண் காவலர்கள். அவர்கள் அவளோடு விளையாடுகிறார்கள், சாப்பிட வைக்கிறார்கள், தூங்கச் சொல்கிறார்கள். படுக்கைக்கு எதிரே கைப்பிடி இல்லாத ஒரு கதவு. அது எங்கே போகிறது என்று அவளுக்கும் தெரியும், காவலர்களுக்கும் தெரியும். தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கழிய வேண்டும் என்பது அந்நாட்டில் அப்போதிருந்த வழக்கம். அந்த நாட்களைத்தான் படம் நம்மையும் அவளோடு உட்கார்ந்து கழிக்க வைக்கிறது. கவர்ச்சி என்கிறார் கட்டுரையாளர். கொட்டடிக் காட்சிகளில் டார்ஸின் முகத்தில் ஒப்பனையே கிடையாது. தலைமுடியில் சாயம் வெளுத்து, உடம்பில் சிறை உடுப்பு தொங்க, தூக்கம் கெட்ட கண்களோடு இருக்கிறார். அவர் வாழ்நாளில் செய்த மிகச் சிறந்த நடிப்பு இதுதான் என்பேன். இவரைக் காவல் காக்கும் மெக்ஃபார்லேனாக வரும் இவான் மிட்சல், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதிலேயே ஒரு மனுஷியின் முழு வேதனையையும் காட்டிவிடுகிறார்.

என் கணிப்பைச் சொல்கிறேன். சிறுவர் கண்ணில் படக்கூடாது என்று ஒதுக்கப்பட்டது உடம்புமல்ல, ரத்தமுமல்ல. அரசு ஒருத்தியைக் கொல்வதற்கு முன் அவளை எப்படிக் கவனமாகப் பராமரிக்கிறது என்ற விவரம்தான். 1868-லேயே பொது இடத்தில் தூக்கிலிடுவதை நிறுத்திச் சுவருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே இருப்பவர்களுக்குக் கிடைத்தது சிறைக் கதவில் ஒட்டும் அறிவிப்பு மட்டும். அந்தக் கதவைத் திறந்து காட்டியது இந்தப் படம்.

விநியோகஸ்தர்களும் தங்கள் பங்குக்கு அநியாயம் செய்தார்கள். அமெரிக்காவில் 'பிளாண்ட் சின்னர்' என்று பெயரை மாற்றி, டார்ஸின் பொன்னிறத் தலைமுடியைக் காட்டி விற்றார்கள். கான் திரைப்பட விழாவில் போட்டிக்குப் போன படத்துக்கு இந்தக் கதி. தணிக்கை படத்தை வெட்டினால் ஒரு நாள் வெட்டிய துண்டு கிடைத்துவிடலாம். இப்படி ஒரு முத்திரை விழுந்தால், எழுபது வருடம் கழித்தும் கவர்ச்சிப் படம் என்றே எழுதுகிறார்கள். இப்போது உங்கள் இதழிலும் அது நடந்திருக்கிறது. எனக்கு வருத்தம் அதுதான்.

படம் வந்த நேரத்தையும் கட்டுரை சொல்லவில்லை. 1956 கோடையில்தான் நாடாளுமன்ற உறுப்பினர் சிட்னி சில்வர்மேனின் தூக்குத் தண்டனை ஒழிப்பு மசோதா பிரிட்டனின் காமன்ஸ் சபையில் நிறைவேறியது. ஜூலையில் பிரபுக்கள் சபை அதைத் தோற்கடித்தது. அடுத்த வருடம் வந்த சட்டம் சில வகைக் கொலைகளுக்கு மட்டும் தூக்கை வைத்துக்கொண்டது. துப்பாக்கியால் சுடுவது அதில் ஒன்று. அதாவது எல்லிஸையும் சரி, கதையில் வரும் மேரி ஹில்டனையும் சரி, அந்த வகைப் பிரிப்பு காப்பாற்றியிருக்காது. கொலைக்குத் தூக்கு என்பது போனது 1965-இல்தான். ஆனாலும் எல்லிஸுக்குப் பிறகு பிரிட்டனில் எந்தப் பெண்ணும் தூக்கிலிடப்படவில்லை.

அடுத்த இதழில், நாவல் எல்லிஸ் வழக்குக்கு முன்பே வந்துவிட்டது என்று திருத்தி ஒரு குறிப்பு போடுங்கள். கட்டுரையாளர் இதே ஜோன் ஹென்றியின் சிறை அனுபவ நூலை வைத்துத் தாம்ஸன் 1954-இல் எடுத்த 'தி வீக் அண்ட் தி விக்கிட்' படத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதிலும் டார்ஸ் இருக்கிறார், அதையும் யாரும் பேசுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி.