அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசு பெற்ற பிள்ளைகளுக்கும் பயிற்சி தந்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். திருத்திய விடைத்தாள்களைப் பள்ளி திறந்ததும் பார்க்கலாம்.

பிள்ளைகள் 'கப்பல் தாத்தா' என்று அழைத்த பெரியவர் தீபாவளி முடிந்த வாரத்தில் காலமானது உங்களுக்குத் தெரியும். அவர் பிறந்தது 1950-இல். அப்போது நம் செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. பதினெட்டு வயதில் கடற்படையில் சேர்ந்தார். 1971 போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலின் பாய்லர் அறையில் வேலை. நான்கு பாய்லர்களில் ஒன்று விரிசல் கண்டிருந்தது. குறைந்த வேகத்தோடுதான் அந்தக் கப்பல் வங்கக் கடலில் நின்றது. அதிலிருந்து பறந்த விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங் துறைமுகத்தையும் தாக்கின. ஏழாம் வகுப்புக்கு இதைச் சொல்ல அழைத்தபோது, போரைவிட அந்த அறையின் வெக்கையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

பதினைந்து ஆண்டுப் பணி முடித்து ஊர் திரும்பியவர் ஓய்ந்து உட்காரவில்லை. காலையில் வயல், இரவில் தென்காசியில் காவல் பணி என்று உழைத்து மூன்று மகள்களையும் பட்டம் பெற வைத்தார்.

நம் பள்ளிக்கு அவர் வந்தது பேத்தியை அழைத்துப் போகத்தான். வாசலில் வேறு பிள்ளைகள் காத்திருப்பதைப் பார்த்தபின் அவரால் கிளம்ப முடியவில்லை. பேத்தி எட்டாம் வகுப்பு முடித்துப் போன பிறகும் வந்தார். மொத்தம் ஒன்பது ஆண்டுகள், ஊதியம் ஏதுமின்றி. மாற்று ஆள் வராமல் 'வாட்ச்' எனும் காவல் முறையை விட்டு இறங்கக் கூடாது என்பது கப்பலில் அவர் பழகியது.

காரியம் முடிந்து அவருடைய மூத்த மகள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பாய்லர் அளவுகளை மணிக்கு மணி குறித்துவைத்த கை, இங்கே கடைசிக் குழந்தை கிளம்பிய நேரத்தைக் குறித்திருக்கிறது. '5.20, பெரியப்பாவுடன்.' '5.55, மழை, அம்மா.' '6.10.' ஒரே இரவில் அதைப் படித்து முடித்தேன். பள்ளி விடுவது 4.10-க்கு. செப்டம்பர் மாதத்தில் எல்லாப் பிள்ளைகளும் 4.30-க்குள் வீடு திரும்பிய நாட்கள் நான்கே நான்கு.

புனலூர், தென்மலைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். மலைப்பாதையின் எஸ் வளைவில் ஒரு லாரி நின்றுவிட்டால் பஸ் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நோட்டில் திரும்பத் திரும்ப வருபவை உள்ளூர்ப் பிள்ளைகளின் பெயர்களும்தான்.

கப்பலில் மாலை 4 முதல் 8 வரையிலான காவலை மட்டும் இரண்டு மணி நேரமாகப் பிரிப்பார்களாம், ஒரே ஆளுக்கு நாளும் ஒரே நேரம் விழாதபடி முறை மாறுவதற்காக. நாம் அந்த முதியவருக்கு ஒன்பது ஆண்டுகளும் ஒரே காவலைக் கொடுத்தோம். கேட்காமலே கிடைத்ததால் பள்ளியும் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

போன வாரம் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி அப்பா வருகிறாரா என்று பார்க்க நெடுஞ்சாலை ஓரம் வரை தனியாகப் போய்விட்டாள். கேரளாவுக்குப் போகும் லாரிகள் எந்த வேகத்தில் வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இனி இது நடக்கக் கூடாது. 4.30-க்குள் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். முடியாத நாளில் 4 மணிக்குள் தொலைபேசியில் சொல்லுங்கள், பொறுப்பாசிரியர் 5.15 வரை இருப்பார். சொல்லாமல் மூன்று முறை தாமதித்தால் பெற்றோர் என்னை நேரில் சந்தித்த பிறகே பிள்ளையை வகுப்பில் ஏற்போம் என்று எழுத நினைத்தேன். பிள்ளையைத் தண்டிக்க மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் கட்டாயம் வந்து என்னைப் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு மாதமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் தம் பிள்ளையோடு அழைத்துச் செல்லும் தாய்மார்களுக்கும், காத்திருக்கும் ஆசிரியர்களுக்குத் தேநீர் கொடுத்தனுப்பும் எதிர்க்கடைக்காரருக்கும் என் மனமார்ந்த நன்றி. உங்களுக்குப் பதிலாகப் பிள்ளையை அழைக்க வரக்கூடிய இருவரின் பெயரை இணைப்புத் தாளில் எழுதி, பள்ளி திறக்கும் நாளில் கொடுத்தனுப்புங்கள். வேப்பமரத்தடியில் இருக்கும் அவருடைய நாற்காலியை ஒட்டி வண்டி நிறுத்த வேண்டாம். பொறுப்பாசிரியர் இப்போது அங்கேதான் அமர்கிறார். நோட்டும் அவரிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்